வீதி நம்முடையது, கம்பி யாருடையது? கொழும்பின் இணையச் சேவை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொட்டாஞ்சேனையில் கணினியும் ரவுட்டரும் திருத்தும் சிறிய கடை ஒன்றை நடத்துகிறேன். பழுது என்று கொண்டுவரப்படும் ரவுட்டர்களில் பாதிக்கு ஒரு பழுதும் இருப்பதில்லை. அந்த ஒழுங்கைக்கு வரும் இணைப்புத்தான் பழுது. "அப்படியானால் வேறு நிறுவனத்துக்கு மாறட்டுமா?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் நீண்டுகொண்டே போனது. "இதை மாநகர சபையே செய்யக் கூடாதா?" என்ற கேள்வியும் அதோடு சேர்ந்துகொண்டது. அதனால் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

மாநகர இணையம் என்றால் என்ன?

நகரத்தை நிர்வகிக்கும் சபையோ, அதற்குச் சொந்தமான மின்சார நிறுவனமோ இணையக் கட்டமைப்பைத் தானே அமைப்பது. இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் சபையே உங்கள் வீட்டுக்கு இணைப்புக் கொடுத்து மாதாந்தக் கட்டணமும் அறவிடும். இரண்டாவது வகையில் சபை நிலத்தடிக் குழாயையும் கண்ணாடியிழைக் கம்பியையும் (ஃபைபர்) மட்டும் வைத்திருக்கும். எந்த நிறுவனமும் ஒரே வாடகைக்கு அதை எடுத்து உங்களுக்குச் சேவை விற்கலாம். கம்பி ஒருவருடையது, கடை பலருடையது. கொழும்புக்கு ஏற்றது இரண்டாவது வகைதான் என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் பதில்களை அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

பொது இடங்களில் இலவச வைஃபை கொடுத்தார்களே, அதுவா இது?

இல்லை. 2015இல் ரயில் நிலையங்கள் போன்ற பொது இடங்களில் அரசாங்கம் இலவச வைஃபையை ஆரம்பித்தது. வழிப்போக்கருக்கு அது உதவும். பிள்ளை இரவு வீட்டிலிருந்து பாடம் படிக்க உதவாது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் முழுவதையும் வைஃபையால் மூட ஒரு தனியார் நிறுவனத்துடன் சேர்ந்து முயன்றது. 2008இல் அந்த நிறுவனம் கைவிட்டுப் போனது. சுவர்களைத் தாண்டி வீட்டுக்குள் போக அந்தச் சிக்னலால் முடியவில்லை.

கொழும்பில்தான் போட்டி இருக்கிறதே? எங்கு பார்த்தாலும் விளம்பரம்!

கைத்தொலைபேசியையும் வீட்டுக்கு வரும் கம்பியையும் பிரித்துப் பாருங்கள்.

கைத்தொலைபேசிச் சந்தையில் ஒரு காலத்தில் ஐந்து நிறுவனங்கள் மோதிக்கொண்டன. கட்டணம் அவ்வளவு வேகமாகச் சரிந்ததால் 2010இல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அழைப்புகளுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் ஒன்றை விதித்தது. அதற்குக் கீழே யாரும் விற்கக் கூடாது! 2018இல் எடிசலாட் ஹட்சுடன் இணைந்தது. 2024 ஜூனில் எயார்டெல் லங்கா டயலொக்குடன் இணைந்தது. இப்போது இருப்பவை டயலொக், மொபிட்டெல், ஹட்ச் ஆகிய மூன்று.

2022 செப்டெம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். கைத்தொலைபேசி, நிலையான தொலைபேசி, இணையம் எல்லாவற்றுக்கும் 20 சதவீதக் கட்டண உயர்வுக்கு ஆணைக்குழு அனுமதி கொடுத்தது. ரூபா வீழ்ந்திருந்தது, டீசல் கிடைக்கவில்லை, நிறுவனங்களின் செலவு உண்மையிலேயே ஏறியிருந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லாக் கடைகளிலும் ஒரே நாளில் ஒரே சதவீதத்தில் விலை ஏறும்போது வாடிக்கையாளருக்குப் போக வேறு கடை ஏது?

கண்ணாடியிழைக் கம்பியில் நிலைமை இன்னும் இறுக்கமானது. கொழும்பில் அதை வீட்டுக்குக் கொண்டுவரும் பெரிய நிறுவனங்கள் ஸ்ரீலங்கா ரெலிகொம்மும் டயலொக்கும். எல்லா ஒழுங்கையிலும் இரண்டும் இல்லை. ஆகவே நாட்டில் எத்தனை நிறுவனங்கள் என்று எண்ணிப் பயனில்லை. உங்கள் வாசலுக்கு எத்தனை கம்பி வருகிறது என்று எண்ணுங்கள். பெரும்பாலும் விடை ஒன்று. சில இடங்களில் பூச்சியம்.

எங்கள் தொடர்மாடியில் ஒரே ஒரு நிறுவனத்தின் இணைப்பைத்தான் எடுக்கலாம் என்கிறார்கள். அது சரியா?

வெள்ளவத்தையிலிருந்தும் பம்பலப்பிட்டியிலிருந்தும் வருபவர்கள் அதிகம் சொல்லும் முறைப்பாடு இது. என் தங்கையின் வீட்டிலும் இதே கதைதான். கட்டடம் எழும்பும்போதே கட்டியவர் ஒரு நிறுவனத்துடன் பேசி முடித்துவிடுகிறார். கம்பி மேலேறும் சுவர்க்குழாயில் அந்த நிறுவனத்தின் கம்பி மட்டும் போகிறது. பத்து வருடம் கழித்து வீடு வாங்குபவருக்கு அந்தப் பேச்சில் பங்கில்லை, ஆனால் அதன் கட்டணத்தை அவர்தான் செலுத்துகிறார்.

இது நியாயமில்லை என்பது என் கருத்து. அந்தக் குழாய் கட்டடத்தின் பொதுப் பகுதி. மாடிப்படியில் ஒரு நிறுவனத்தின் பால்காரர் மட்டும் ஏறலாம் என்று யாரும் சட்டம் போடுவதில்லையே. குடியிருப்பாளர்களின் முகாமைக் குழுக் கூட்டத்தில் இதை எழுத்தில் எழுப்புங்கள். ஒப்பந்தத்தைக் காட்டும்படி கேளுங்கள். பல இடங்களில் எழுதப்பட்ட ஒப்பந்தமே இருக்காது, "அப்படித்தான் வழக்கம்" என்ற பதில்தான் இருக்கும். வழக்கத்தைக் குழு மாற்றலாம்.

மூன்றாவது, நான்காவது நிறுவனம் வந்து கம்பி இழுத்தால் போட்டி வந்துவிடாதா?

வராது. கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்காக ஓர் ஒழுங்கையில் நூறு வீடுகள், அங்கே கம்பி இழுக்க 12 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். அறுபது வீடுகள் இணைப்பு எடுக்கின்றன. ஒரே நிறுவனம் என்றால் வீட்டுக்கு 20,000 ரூபா செலவு. அதே ஒழுங்கையில் மூன்று நிறுவனங்கள் தனித்தனியே கம்பி இழுத்து ஆளுக்கு இருபது வீடுகளைப் பிடித்தால்? ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அதே 12 இலட்சம்தான். வீட்டுக்குச் செலவு 60,000 ஆகிறது. போட்டி வந்ததால் செலவு மும்மடங்காகிவிட்டது. இந்தக் கணக்கு நிறுவனங்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் முதலாவது நிறுவனம் இழுத்த ஒழுங்கைக்கு இரண்டாவது நிறுவனம் தயங்குகிறது, மூன்றாவது எட்டியும் பார்ப்பதில்லை. வசதி குறைந்த ஒழுங்கைக்கு முதலாவதே வருவதில்லை.

வீட்டுக்கு மூன்று தண்ணீர்க் குழாய், மூன்று மின்கம்பி யாரும் இழுப்பதில்லை. இணையத்திலும் கம்பி அந்த இனம். ஆனால் கம்பியில் ஓடும் சேவை அந்த இனமல்ல. ஒரே கம்பியில் பத்து நிறுவனங்கள் சேவை விற்கலாம். இரண்டையும் ஒரே கையில் கொடுத்ததால்தான் நாம் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

தோண்டும் தொல்லையும் உண்டு. என் கடை வாசலில் ஒரே வருடத்தில் மூன்று முறை தோண்டினார்கள், மூன்றும் வெவ்வேறு தரப்பினர். மூன்றாவது முறை என் இணைப்பே அறுந்து நான்கு நாள் கடை இருண்டது. முதல் முறை தோண்டியபோதே பின்னால் வருபவர் தம் கம்பியைச் செலுத்த ஒரு வெறுங்குழாயைப் புதைத்திருந்தால் மற்ற இரண்டும் தேவைப்பட்டிராது.

வேறு நகரங்களில் இது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. அமெரிக்காவின் சட்டனூகா நகரத்துக்குச் சொந்தமான மின்சார நிறுவனம் 2010இல் நகரம் முழுவதற்கும் நொடிக்கு ஒரு ஜிகாபிட் வேகத்தைக் கொடுத்தது. அந்த நாட்டில் ஒரு நகரம் முழுவதும் அந்த வேகத்தைப் பெற்றது அதுவே முதல் முறை. கண்ணாடியிழையை அவர்கள் இணையத்துக்காக மட்டும் போடவில்லை. மின்தடை வந்தால் எந்தக் கம்பியில் பழுது என்று தானாகக் கண்டுபிடித்து மற்றப் பாதைக்கு மின்சாரத்தைத் திருப்பும் வேலையும் அதே இழையில் நடக்கிறது. மத்திய அரசின் 11 கோடி டொலருக்கு மேற்பட்ட உதவியும் கிடைத்தது. 2020இல் பெருந்தொற்று வந்தபோது, வறிய குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 28,000 மாணவர்களுக்கு வீட்டு இணைப்பை இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தை அங்கே தொடங்கினார்கள். அந்த வருடம் நம் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதை நான் கண்ணால் கண்டேன். ஒரு கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்டார்கள். ரீலோட் முடிந்தால் பாடமும் முடிந்தது.

சட்டனூகா நகரம் பக்கத்துக் கிராமங்களுக்கும் கம்பியைக் கொண்டுபோக விரும்பியது. மின்சார எல்லைக்கு வெளியே போகக் கூடாது என்று மாநிலச் சட்டம் தடுத்தது. அந்தத் தடையை 2015இல் மத்திய தொலைத்தொடர்பு ஆணையம் நீக்கப் பார்த்தது, 2016இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த முயற்சியைத் தள்ளிவிட்டது. வட கரோலைனாவின் வில்சன் நகரம் 2008இல் தனது சேவையைத் தொடங்கியபின், மற்ற நகரங்கள் அதைப் பின்பற்ற முடியாதபடி 2011இல் அங்கும் ஒரு சட்டம் வந்தது. சபைகளுக்கு இது முடியாத காரியம் என்றால் அதைத் தடுக்க இவ்வளவு சட்டம் எதற்கு?

ஆனால் எனக்குப் பிடித்த உதாரணம் சுவீடனின் ஸ்டொக்ஹோம். நகரத்துக்குச் சொந்தமான ஸ்டோகாப் என்ற நிறுவனம் 1994இல் தொடங்கப்பட்டது. அது வீட்டுக்கு இணையம் விற்பதில்லை. வெறும் இழையை, எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே நிபந்தனையில் வாடகைக்கு விடுகிறது. ஒளியைப் பாய்ச்சும் கருவியும் வாடிக்கையாளரும் வாடகைக்கு எடுத்தவருடைய பொறுப்பு. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே வீதியைத் தோண்டுவதைத் தவிர்ப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. என் கடை வாசலை நினைத்துக்கொண்டேன்.

நமக்கு அருகில் கேரளம் இருக்கிறது. அங்கே 2023 ஜூனில் தொடங்கிய கேபோன் மாநில அரசின் திட்டம், நகர சபையினுடையது அல்ல. மின்சார சபையின் தூண்களிலேயே கம்பி இழுத்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது.

தோற்ற நகரங்களும் உண்டல்லவா?

உண்டு, மறைக்கத் தேவையில்லை. யூட்டா மாநிலத்தின் புரோவோ நகரம் சுமார் 4 கோடி டொலர் செலவில் கண்ணாடியிழை போட்டது. கடனை அடைக்கும் அளவுக்கு வாடிக்கையாளர் சேரவில்லை. 2013இல் முழுக் கட்டமைப்பையும் கூகிளுக்கு ஒரு டொலருக்கு விற்றார்கள். கடன் நகர மக்களின் தலையில் தங்கியது. எதிர்பார்த்த வீடுகள் இணையாவிட்டால் கணக்கு கவிழும் என்பதே அங்கே கிடைத்த பாடம். முதலில் தெருவாரியாக எத்தனை வீடுகள் சேரும் என்று கையெழுத்து வாங்கிவிட்டுத் தோண்டுவது புத்தி. அமெரிக்காவின் சிறிய நகரமான அமொன் அப்படித்தான் செய்தது. பகுதி பகுதியாக, விரும்பிய வீட்டுக்காரர்களின் பங்களிப்பில்.

ரெலிகொம் அரசாங்கத்தினுடையதுதானே? பிறகு மாநகர சபை எதற்கு?

பாதிதான் சரி. 1991இல் தொலைத்தொடர்புத் திணைக்களம் கூட்டுத்தாபனமானது. 1997இல் ஜப்பானின் என்டிடி 35 சதவீதப் பங்கை வாங்கியது. இன்று திறைசேரியிடம் 49.5 சதவீதம் இருக்கிறது. சுமார் 45 சதவீதம் மலேசியத் தொடர்புள்ள ஒரு நிறுவனத்திடம் இருக்கிறது. திறைசேரியின் பங்கை விற்கும் முயற்சி 2023இல் தொடங்கியது, 2024இல் ஆட்சி மாறியபின் நிறுத்தப்பட்டது. விற்காமல் விட்டது நல்லதுதான். ஆனால் பங்கு யாரிடம் இருந்தாலும், கம்பியை வைத்திருப்பவரே அதில் சேவையும் விற்றால் போட்டியாளருக்கு நல்ல வாடகையில் கம்பியைக் கொடுக்க அவருக்கு என்ன அவசரம்?

குப்பையையே ஒழுங்காக அள்ள முடியாத சபை இணையம் தருமா?

எல்லோரும் கேட்பது இதுதான், கேட்க வேண்டியதும் இதுதான். 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லையில் சரிந்தது கொழும்பின் குப்பை. முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதை மறந்துவிட்டுச் சபையின் திறமையைப் பற்றி யாரும் பேசக் கூடாது.

ஆனாலும் இரண்டு செய்திகளைச் சொல்கிறேன். 1925இல் தொடங்கிய கொழும்புப் பொது நூலகம் மாநகர சபையினுடையது. என்னைப் போல எத்தனையோ பேர் அங்கே உட்கார்ந்து படித்திருக்கிறோம். நிலத்தடியில் ஓடும் கழிவுநீர்க் குழாய்களையும் சபைதான் பராமரிக்கிறது. குழாய் புதைப்பது அதற்குப் புதிய தொழிலல்ல. அடுத்தது மின்சாரம். ஒரு காலத்தில் இலங்கையின் பல ஊர்களில் மின்சாரத்தை வீடுகளுக்கு விநியோகித்தவை உள்ளூராட்சிச் சபைகளே. கம்பிகள் தளர்ந்தன, கணக்குகள் கெட்டன. 1983இல் லெக்கோ என்ற தனி நிறுவனத்தை உருவாக்கி அந்த வேலையை அதனிடம் கொடுத்தார்கள். கோட்டே, நுகேகொடை, மொறட்டுவைப் பக்கத்தில் இருப்பவர்களின் கட்டணப் பட்டியலில் இன்றும் அந்தப் பெயர் இருக்கிறது. சபையின் அலுவலக மேசையில் நடத்த முடியாத வேலையைத் தனிக் கணக்கும் தனி நிர்வாகமும் கொண்ட பொது நிறுவனத்தால் நடத்த முடியும் என்பதை நம் நாடே ஒருமுறை செய்து பார்த்திருக்கிறது.

அதனால்தான் சபை வாடிக்கையாளர் சேவை நடத்த வேண்டாம் என்கிறேன். இரவு பதினொரு மணிக்கு "இணையம் வேலை செய்யவில்லை" என்று அழைப்பவருக்குப் பதில் சொல்வது கடைக்காரர் வேலை. குழாயும் இழையும் ஐம்பது வருடம் மண்ணுக்குள் கிடக்கும் சொத்து. அது வீதியைப் போன்றது. வீதியைச் சபை வைத்திருக்கட்டும், பஸ் ஓட்டுபவர்கள் ஓட்டட்டும்.

சட்டம் இடம் கொடுக்குமா?

1991ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி தொலைத்தொடர்புக் கட்டமைப்பை இயக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். சபை தானே சேவை நடத்தினால் அந்தப் படியைத் தாண்டியாக வேண்டும். வெறுங்குழாய் புதைத்து வாடகைக்கு விடுவது அதைவிடச் சுலபமான தொடக்கம். வீதியைத் தோண்டச் சபையின் அனுமதி வேண்டும் என்பதால், "தோண்டுபவர் ஒரு குழாயைக் கூடுதலாகப் புதைத்துவிட்டுப் போக வேண்டும்" என்ற நிபந்தனையைப் பற்றியாவது சபையில் பேசத் தொடங்கலாம்.

போட்டிச் சட்டத்தில் இருக்கும் ஓட்டை பெரியது. 1987இல் உருவான நியாய வர்த்தக ஆணைக்குழுவுக்கு நிறுவனங்களின் இணைப்புகளை ஆராயும் அதிகாரம் இருந்தது. 2003இல் நுகர்வோர் விவகார அதிகார சபை அதன் இடத்துக்கு வந்தபோது அந்த அதிகாரம் சட்டத்தில் விடுபட்டுப் போனது. ஐந்து கைத்தொலைபேசி நிறுவனங்கள் மூன்றானபோது, "இதனால் மக்களுக்கு என்ன நேரும்?" என்று கேட்பதையே முழு வேலையாகக் கொண்ட பொது அமைப்பு ஒன்று நம்மிடம் இருக்கவில்லை.

ஸ்டார்லிங்க் வந்துவிட்டதே, இனிக் கம்பி எதற்கு?

2025 ஜூலையில் இங்கே சேவை ஆரம்பமானது. மலையகத்துக்கும் தீவுப் பகுதிகளுக்கும் பெரிய வரம். ஆனால் கருவிக்கே ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேல் கேட்டார்கள். நெருக்கமாக வீடுகள் உள்ள நகரத்தில் ஒரே வானத்தைப் பல ஆயிரம் பேர் பங்கிட வேண்டும். 5ஜி கோபுரமும் கடைசியில் ஒரு கண்ணாடியிழையில்தான் தொங்குகிறது.

கம்பி சபையின் கையில் இருந்தால் நம்மைக் கண்காணிக்கவோ துண்டிக்கவோ மாட்டார்களா?

இந்தப் பயம் எனக்கும் உண்டு. 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தது. என் கடைக்கு நடந்துபோகும் தூரம். உறவினரைத் தேடி எல்லோரும் கைத்தொலைபேசியைத் தட்டிக்கொண்டிருந்த அந்த நாளில் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. அதற்கு முந்திய வருடம் மார்ச்சிலும் முடக்கினார்கள். 2022 ஏப்ரல் 3 அன்று மீண்டும் முடக்கினார்கள். இவை எல்லாம் இப்போது இருக்கும் நிறுவனங்களின் வலையமைப்பில்தான் நடந்தன, சபையின் வலையமைப்பில் அல்ல. உத்தரவு போக வேண்டிய வாசல்கள் மிகச் சில என்பதால் அது அவ்வளவு விரைவில் நடந்தது.

இழையை மட்டும் வாடகைக்கு விடும் நிறுவனத்திடம் நீங்கள் எந்தத் தளத்தைப் பார்த்தீர்கள் என்ற தகவல் இருக்காது. அதன் கையில் இருப்பது வெறும் கண்ணாடி. சபையே சேவையையும் நடத்தினால் அந்தத் தகவலும் அதன் கைக்குப் போகும். நான் இரண்டாவது வகையை வற்புறுத்த இதுவும் காரணம்.

கட்டணம் எவ்வளவு குறையும்?

முழுவதும் குறையாது. உங்கள் கட்டணத்தில் 18 சதவீத வற் வரி இருக்கிறது. கடலடிக் கம்பிக்கு டொலரில் கொடுக்கும் பணம் இருக்கிறது. இவற்றைச் சபையால் தொட முடியாது. குறையக்கூடியது உங்கள் ஒழுங்கைக் கம்பியின் பங்கு. அதைவிட முக்கியம், பிடிக்காவிட்டால் மாறலாம் என்ற நிலை. அது வந்தால் நீங்கள் முறையிட அழைக்கும்போது நிறுவனம் தொலைபேசியை எடுக்கும் வேகமே மாறும்.

எங்கே தொடங்கலாம்?

கொழும்பு 7இல் வேண்டாம், அங்கே எல்லாக் கம்பியும் தானாக வரும். மட்டக்குளி, முகத்துவாரம், புளூமெண்டல் பக்கத்துத் தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகள், மாநகர சபையின் குடியிருப்புகள், நூலகக் கிளைகள், பாடசாலைகள். இவற்றை ஒரு வளையமாக இணைத்தால் முதல் வாடகைக்காரர் சபையே ஆகிறது, புரோவோவுக்கு நேர்ந்தது நேராது. 2020இல் பல்கலைக்கழகங்களின் சொந்த வலையமைப்பான லேர்ன் வழியாக மாணவர்கள் டேட்டாக் கட்டணமின்றி விரிவுரை கேட்டார்கள். பொது வலையமைப்பு ஒன்று முன்பே இருந்ததால்தான் அது சாத்தியமானது.

நான் தனியொருவர், என்ன செய்ய முடியும்?

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாநகர சபையின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கடந்த மூன்று வருடங்களில் உங்கள் வீதியைத் தோண்ட யார் யாருக்கு அனுமதி கொடுக்கப்பட்டது, எவ்வளவு கட்டணம் பெறப்பட்டது, வெறுங்குழாய் ஏதும் புதைக்கப்பட்டதா என்று மூன்றே கேள்விகள். 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். பதிலை உங்கள் வட்டார உறுப்பினரிடம் காட்டுங்கள்.

தமிழில் எழுதலாமா?

எழுதலாம். தமிழிலேயே பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. கடிதத்தின் பிரதி ஒன்றையும் பதிவுத் தபால் பற்றுச்சீட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எழுதுவதில் தடுமாற்றம் இருந்தால் கடைக்கு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.